தேவாலா குழிகளைத் தோண்டியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டத்தில் பந்தலூர்ப் பக்கம் இருக்கும் தேவாலாவில் தங்கம் தேடி மண்ணுக்குள் இறங்கியவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் அவ்வப்போது செய்தி வருகிறது. மண் சரிந்து ஆள் இறந்தால் ஒரு பத்தி, மோட்டாரைப் பறிமுதல் செய்தால் ஒரு பத்தி. அந்தக் குழிகளை முதலில் தோண்டியது யார், ஏன் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள் என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. பந்தலூர்க்காரன் என்ற உரிமையில் அதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதி 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது; தென்கிழக்கு வயநாடு என்பார்கள். இங்கே தங்கம் இருப்பதை எந்தத் துரையும் வந்து கண்டுபிடிக்கவில்லை. பணியர்களும் குறும்பர்களும் ஓடை மணலை மரத்தட்டில் அலசி அலசிப் பொடித் தங்கம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1870-களில் காபிச் செடியை இலைநோய் தின்றது. தோட்டங்கள் நொடித்துப்போக, துரைமார்களின் கண் காபியை விட்டு அதே மண்ணில் ஓடும், தங்கம் கலந்த வெள்ளைக்கல் (குவார்ட்ஸ்) ரேகைகள் மேல் விழுந்தது. தேவாலாவில் ஆல்பா என்ற கம்பெனி வேலையைத் தொடங்கியது. 1879-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை அரசாங்கம் வரவழைத்தது. அவருடைய அறிக்கை 1880-ல் நம்பிக்கை கொடுத்ததும் லண்டன் பங்குச் சந்தைக்குப் பித்துப் பிடித்தது. நாற்பது கம்பெனிகளுக்கு மேல் முளைத்தன. காகிதத்தில் மட்டும் அவற்றின் மூலதனம் சுமார் 50 லட்சம் பவுன்!

என்னைக் கோபப்படுத்துவது இதற்கு அப்புறம் நடந்ததுதான். நோய் விழுந்து விலை போகாமல் கிடந்த காபித் தோட்டங்கள் 'தங்க நிலம்' என்று கொள்ளை விலைக்குக் கைமாறின. பங்கு வாங்கியவர்களின் பணத்தில் பெரும்பகுதி நிலத்தை விற்றவர்களுக்கும் கம்பெனி தொடங்கியவர்களுக்கும் போனது. ரேகை எவ்வளவு ஆழம் போகிறது, ஒரு டன் கல்லில் எத்தனை குன்றிமணி தேறும் என்று பொறுமையாகப் பார்ப்பதற்கு முன்பே கல் இடிக்கும் இயந்திரங்கள் மலையேறி வந்துவிட்டன. வரிசையாக நிற்கும் இரும்பு உலக்கைகள் மேலே போய்த் தொப்பென்று விழும், வெள்ளைக்கல் மாவாகும், அந்த மாவு நீரில் கரைந்து பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓடும், தங்கம் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். முறை சரிதான். கல்லில் இருந்த தங்கம்தான் செலவுக்குக் கட்டவில்லை. சில வருஷங்களுக்குள் அநேகமாக எல்லாக் கம்பெனியும் இழுத்து மூடப்பட்டது.

அதே பித்தில் 1880-ல் தொடங்கியதுதான் கோலாரின் மைசூர் கம்பெனி. அதுவும் பணம் தீர்ந்து மூடும் நிலைக்கு வந்து, கடைசி நேரத்தில் 'சாம்பியன்' என்ற வளமான தங்க ரேகையைத் தொட்டுத் தப்பியது. அங்கே 2001 வரை, நூறு வருஷத்துக்கும் மேல் வேலை நடந்தது. எங்கள் மலைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

கம்பெனிகள் போய்விட்டன. குழிகள் போகவில்லை. தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில், சரிவில், ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சுரங்க வாய் இருக்கும். உண்ணிச்செடி மூடியிருப்பதால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. தென்மேற்குப் பருவமழை தேவாலாவில் கொட்டுகிற கொட்டில் உள்ளே தண்ணீர் நிற்கும், மேல்மண் ஊறிக் கனத்துத் தொங்கும். அதற்குள்தான் கூலி வேலை இல்லாத நாட்களில் இளைஞர்கள் சுத்தியலும் டார்ச்சுமாக இறங்குகிறார்கள். துருக்கறை படிந்த வெள்ளைக்கல்லைச் சாக்கில் கட்டி வெளியே இழுத்து, இடித்து, அலசி, பாதரசத்தைக் கையாலேயே பிசைந்து, பிறகு அடுப்பில் காய்ச்சுகிறார்கள். அந்தப் புகை நுரையீரலுக்கும் நரம்புக்கும் என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. குற்றவாளிகள் என்று எழுதுவது சுலபம். பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்து, தோட்டத்தில் ஒழுங்காக வேலையும் இருந்தால் இவர்களில் பலர் அந்த வாய்ப் பக்கமே போக மாட்டார்கள்.

'கூடலூர் மலையில் தங்கப் புதையல்' என்ற மாதிரியான தலைப்புகளைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். அப்படி ஒரு செய்தி வந்தாலே இங்கே இன்னும் நான்கு பேர் சுத்தியலை எடுப்பார்கள். தங்கம் இருப்பது பொய்யில்லை. லண்டன் பணத்தையும் நீராவி இயந்திரத்தையும் வைத்துக்கொண்டே லாபம் பார்க்க முடியாத அளவு அது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் உங்கள் வழியாக ஒரு கோரிக்கை. பிரஃப் ஸ்மித்தின் அறிக்கையில் ரேகைகள் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கின்றன. அதைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளூர்ப் பழங்குடிப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போனால் திறந்து கிடக்கும் வாய்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்துவிடலாம். ஆபத்தானதை அடைக்கட்டும். உறுதியாக இருக்கும் ஒன்றிரண்டைக் கம்பிக் கதவு போட்டுப் பாதுகாத்து, தமிழில் ஒரு பலகையும் வைக்கட்டும். அதில் கம்பெனிகளின் பெயருக்கு முன்னால் பணியர், குறும்பர் பெயர் வர வேண்டும். அடுத்த மழைக்கு முன்பே கணக்கெடுப்பையாவது தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.