கிரையம் பெற்ற வீட்டில் குடியேற இயலாத நிலை: விற்றவரையும் ஒத்திதாரரையும் அழைத்து விசாரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வீடு கிரையம் பெற்ற மனுதாரர்,
மதுரை வடக்கு வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: முழுக் கிரையத் தொகையும் செலுத்திப் பதிவு செய்த வீட்டில், பதிவு செய்யப்படாத ஒத்திப் பத்திரத்தின் (மாத வாடகைக்குப் பதிலாக மொத்தத் தொகை கொடுத்து, அது திரும்பும்வரை குடியிருக்கும் ஏற்பாடு) பேரில் வேறொரு குடும்பம் குடியிருப்பதால் சுவாதீனம் (வீடு கைவசம்) கிடைக்காதது – விற்றவரை வரவழைத்து விசாரிக்கவும், பதிவுத்துறைக்குப் பரிந்துரை செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். நான் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராகப் பணிபுரிகிறேன். என் சேமிப்புடன் வங்கியின் வீட்டுக் கடனையும் சேர்த்து, மாநகராட்சி எல்லைக்குள் தரைத்தள வீடு ஒன்றை அதன் உரிமையாளரிடமிருந்து கிரையம் பெற்றுள்ளேன். பத்திரம் முறைப்படி பதிவாகி, கிரையத் தொகை முழுவதும் வங்கி வரைவோலையாக சார்பதிவாளர் அலுவலகத்திலேயே விற்றவர் கையில் கொடுக்கப்பட்டது. அரசுக்குச் சேர வேண்டிய முத்திரைத்தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் செலுத்தியிருக்கிறேன். இத்தனைக்குப் பிறகும் அந்த வீட்டுக்குள் என் குடும்பம் இன்னும் காலெடுத்து வைக்க முடியவில்லை என்பதே இம்மனுவின் சாரம்.

பால் காய்ச்சக் குறித்த நாளில், விடியற்காலையில் பெற்றோருடன் அந்த வீட்டுக்குச் சென்றோம். பின்னாலேயே மினி லாரியில் சாமான்கள் வந்தன. பத்திரப்பதிவன்று விற்றவர் எங்களிடம் தந்த சாவி வாசல் பூட்டுக்குச் சேரவில்லை, ஏனெனில் அங்கே புதிய பூட்டு தொங்கியது, அதுவும் உள்பக்கமாக. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவர், வீடு பார்க்க வந்தபோது "சொந்தக்காரப் பையன், பத்திரம் முடிந்த வாரத்திலேயே போய்விடுவான்" என்று விற்றவர் எங்களுக்கு அறிமுகம் செய்த அதே நபர். அவர் விற்றவருக்கு எந்த வகையிலும் உறவில்லை. தாம் இந்த வீட்டுக்கு 6 இலட்சம் ரூபாய் ஒத்தி கொடுத்திருப்பதாகவும், 3 ஆண்டுக் கெடு இன்னும் முடியவில்லை என்றும், பணம் கைக்கு வராமல் காலி செய்ய முடியாது என்றும் சொல்லி, நெகிழி உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு முத்திரைத்தாளைக் கொண்டுவந்து காட்டினார். 100 ரூபாய்த் தாளில் எழுதப்பட்டு, வருவாய் முத்திரை வில்லையின் குறுக்கே கையொப்பமிடப்பட்ட ஆவணம் அது. எங்கள் கிரையப் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இருப்பது அதே கையொப்பம் என்பதை வாசலில் நின்றபடியே இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

பீரோவும் கட்டிலும் நண்பகல் வரை தெருவில் கிடந்தன. லாரிக்காரருக்குக் காத்திருப்புக் கூலி கொடுத்து, சாமான்களை உறவினர் ஒருவரின் கார் நிறுத்துமிடத்தில் இறக்கினோம். இன்றும் பாதி அங்கேதான் இருக்கின்றன.

விற்றவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது, ஒத்தி இருப்பதைச் சொல்லித்தான் விற்றதாகவும், வீட்டை வாங்கிய நான்தான் ஒத்திப் பணத்தைத் தீர்க்க வேண்டும் என்றும் கூறினார். அதன்பின் எங்கள் அழைப்பை அவர் எடுப்பதில்லை. இக்கூற்று முழுப் பொய் என்பதற்கு அவர் எழுதிக்கொடுத்த பத்திரமே சாட்சி. "இச்சொத்தின் பேரில் எவ்வித வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவன்" என்றும், "இன்றைய தேதியில் சொத்தின் சுவாதீனத்தைத் தங்கள் வசம் ஒப்படைத்துவிட்டபடியால்" என்றும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஒத்தித் தொகையை நாங்கள் ஏற்பதாக இருந்திருந்தால் அத்தொகை கிரையத்தில் கழிக்கப்பட்டு, அந்த விவரமும் பத்திரத்தில் ஏறியிருக்க வேண்டும். அப்படி ஒரு வரியும் இல்லை.

நாங்கள் செய்ய வேண்டிய சரிபார்ப்புகள் அனைத்தும் செய்யப்பட்டுள்ளன என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். மூலப்பத்திரங்களையும் 30 ஆண்டு வில்லங்கச் சான்றையும் வங்கியின் வழக்கறிஞர் பார்வையிட்டுக் கருத்துரை கொடுத்தார். மதிப்பீட்டுப் பொறியாளர் நேரில் வந்து அளந்து, புகைப்படம் எடுத்து, தம் அறிக்கையில் "கட்டடம் குடியிருப்புப் பயன்பாட்டில் உள்ளது" என்று எழுதினார். யார் குடியிருக்கிறார், எந்த உரிமையில் என்று கேட்க அவருடைய படிவத்தில் கட்டமே கிடையாது. பதிவாகாத ஆவணம் வில்லங்கச் சான்றில் வரவும் வராது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞர் மூலம் கேட்டறிந்தேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 59ஆம் பிரிவின்படி, 100 ரூபாயோ அதற்கு மேலோ அசல் கொண்ட, ஒத்தி போன்ற சுவாதீன அடமானம் பதிவு செய்யப்பட்ட ஆவணத்தால்தான் செல்லும். அந்த வகையில் ஒத்திதாரர் கையிலுள்ள தாள் பலவீனமானது. ஆனால் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவின் விளக்கம், ஒரு சொத்தில் நேரடியாகக் குடியிருப்பவருக்கு ஏதேனும் உரிமை இருந்தால், அதை வாங்குபவர் அறிந்தே வாங்கியதாகக் கருத வேண்டும் என்கிறது. மேலும், குடியிருப்பவரைச் சட்ட வழியின்றி வெளியேற்றினால், அவர் 6 மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து சுவாதீனத்தை மீட்டுக்கொள்ள 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் 6ஆம் பிரிவு இடமளிக்கிறது. வாங்கியவர் கேட்டால் சுவாதீனத்தை ஒப்படைக்க வேண்டிய கடமையைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு விற்றவர்மேல் வைத்திருக்கிறது. அந்தக் கடமையை நிறைவேற்றாதவர் பணத்துடன் நிம்மதியாக இருக்க, கடமையைச் செய்து முடித்த நானும், பணத்தைக் கொடுத்து ஏமாந்த ஒத்திதாரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறோம்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். ஒத்திதாரரைக் காவல்துறையைக் கொண்டு வெளியேற்றித் தர வேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. அவரும் என்னைப் போலச் சம்பளக்காரர்தான். அவர் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியில் படிக்கிறார்கள், குடும்ப அட்டையும் எரிவாயு இணைப்பும் அந்த முகவரியில்தான் இருக்கின்றன. மாத வாடகையை மிச்சப்படுத்தலாம் என்று மொத்தமாகத் திரட்டிய பணத்தை அவர் கொடுத்திருக்கிறார். அந்தப் பணம் விற்றவரிடமிருந்து திரும்பி வந்தால் மறுநாளே சாவியைத் தருவதாக என் பெற்றோர் முன்னிலையில் சொல்லியிருக்கிறார், அதை நான் நம்புகிறேன். ஆகவே, முடிச்சு முழுவதும் விற்றவர் கையில்தான் இருக்கிறது.

காவல் நிலையத்தில் புகார் அளித்தேன். மனு ஏற்புச் சீட்டு கொடுத்தார்கள். இது சிவில் விவகாரம், நீதிமன்றத்தை நாடுங்கள் என்றும் சொன்னார்கள். உரிமையைத் தீர்மானிப்பது உரிமையியல் நீதிமன்றத்தின் பணி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சுவாதீனம் கொடுத்துவிட்டதாகப் பதிவு அலுவலர் முன் பொய்யாக எழுதிக்கொடுத்துப் பணம் பெற்றது வெறும் சிவில் விவகாரம்தானா என்பதையாவது விசாரித்துப் பார்த்திருக்கலாம் என்பதே என் மனக்குறை. இதற்கிடையில், குடியேறாத வீட்டுக்கு மாதத் தவணையும் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் சேர்த்துக் கட்டி வருகிறேன். இப்போதைய வீட்டு உரிமையாளரிடம் காலி செய்வதாக ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டதால், அங்கும் எத்தனை நாள் பொறுப்பார் என்று தெரியவில்லை. சொத்துவரி பெயர் மாற்றம் முடிந்து, மாநகராட்சி ரசீது என் பெயரில் வந்திருக்கிறது. அந்த வீட்டுக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும் உரிமைகூட எனக்கு இல்லாதபோதும், குடிநீர்க் கட்டணமும் என் பெயரில்தான்.

எனவே தாங்கள் கனிவுகூர்ந்து, வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள் வழியாக விற்றவர், ஒத்திதாரர், நான் ஆகிய மூவரையும் ஒரே நாளில் அழைத்து விசாரிக்க உத்தரவிட வேண்டுகிறேன். நான் அழைத்தால் வராத விற்றவர், ஆட்சியர் அலுவலக அழைப்பாணைக்கு வருவார் என்பது என் எதிர்பார்ப்பு. அவ்விசாரணையில் ஒத்தித் தொகையை இன்ன தேதிக்குள் திருப்பித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டால், அதை வாய்ப்பேச்சாக விட்டுவிடாமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பி, வழக்குக்கு முந்தைய சமரசமாக மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்ய ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 21ஆம் பிரிவின்படி அங்கு பிறப்பிக்கப்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, அதன்மேல் மேல்முறையீடும் இல்லை. பல ஆண்டுகள் உரிமையியல் வழக்கு நடத்த எனக்கும் வசதியில்லை, ஒத்திதாரருக்கும் இல்லை. விற்றவர் வர மறுத்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 318ஆம் பிரிவின் கீழான மோசடிக் குற்றம் நடந்துள்ளதா என்பதைப் பூர்வாங்கமாக விசாரிக்குமாறு மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கு இம்மனுவை அனுப்பி வைக்க வேண்டுகிறேன். அதுவரை அந்த வீட்டுக்குள் மூன்றாம் நபர் எவரும் குடியமர்த்தப்படாமலும், ஒத்திதாரர் குடும்பத்துக்கு எவராலும் இடையூறு நேராமலும் பார்த்துக்கொள்ளக் கிராம நிர்வாக அலுவலருக்கு அறிவுறுத்தினால் நன்று.

எனக்கு நேர்ந்தது என்னோடு முடிகிற சங்கதி அல்ல என்பதால், இன்னொரு வேண்டுகோளையும் சேர்க்கிறேன். மதுரையில் ஒத்திக்கு வீடு பிடிப்பது அன்றாட வழக்கம். ஆனால் அதைப் பதிவு செய்பவர்கள் அரிது. தீர்வையும் கட்டணமும் ஒரு காரணம் என்றால், பதிவானால் வில்லங்கச் சான்றில் ஏறி, வீட்டை விற்கவோ வங்கியில் கடன் பெறவோ முடியாது என்று உரிமையாளர்கள் தட்டிக்கழிப்பது அதைவிடப் பெரிய காரணம். மறுபுறம், தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017, 22.02.2019 முதல் நடைமுறைக்கு வந்து, நகர்ப்புற வாடகை ஒப்பந்தங்கள் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட்டு, அவற்றுக்கு எண்ணும் வழங்கப்படுகிறது. அந்தப் பதிவு ஒரு துறையில், வில்லங்கச் சான்று வேறொரு துறையில். ஒன்றைப் பார்ப்பவர் கண்ணில் மற்றது படுவதில்லை.

கட்டடம் இருப்பதை மறைத்துக் காலிமனை என்று பதிவு செய்யும் முறைகேட்டைத் தடுக்க, மனையின் புகைப்படத்தைப் புவியிடக் குறிப்புடன் ஆவணத்தில் இணைக்கும் நடைமுறையை 2023 முதல் பதிவுத்துறை கொண்டுவந்திருக்கிறது. கட்டடத்துக்கே சாட்சி கேட்கும் துறை, அதற்குள் குடியிருக்கும் மனிதர்களையும் கேட்கலாம். வீட்டுக் கிரையம் ஒவ்வொன்றிலும், பதிவு நாளில் அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார், வாடகையா ஒத்தியா, முன்பணம் அல்லது ஒத்தித் தொகை எவ்வளவு, அதைத் திருப்பித் தரும் பொறுப்பு யாருடையது என்று விற்பவர் எழுதிக் கையொப்பமிடவும், குடியிருப்பவரும் அதற்கு ஒப்புக் கையெழுத்து இடவும் ஒரு தனிப் படிவத்தைக் கட்டாயமாக்குமாறு பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறேன். அத்தகைய படிவம் ஒன்று இருந்திருந்தால், "சொந்தக்காரப் பையன்" என்ற பொய் சார்பதிவாளர் மேசையைத் தாண்டியிருக்காது. ஒத்திதாரருக்கும் வீடு கைமாறுவது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

கிரையப் பத்திரம், வில்லங்கச் சான்று, வங்கி வரைவோலையின் நகல், ஒத்திதாரர் மனமுவந்து தந்த ஒத்திப் பத்திர நகல், காவல் நிலைய மனு ஏற்புச் சீட்டு, சொத்துவரி ரசீது ஆகியவற்றை இம்மனுவுடன் இணைத்துள்ளேன். விசாரணைக்கு அழைக்கும் நாளில் அசல் ஆவணங்களுடன் நேரில் வருவேன். ஒத்திதாரரும் தம் அசல் பத்திரத்துடன் வரச் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இடம்: மதுரை