கொடிகளை முதலில் நடுங்கள்

ஆசிரியருக்கு,

சிறிய கடலோர ஊர்களின் கோடை விழாக்கள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். மணல் சிற்பம், படகுச் சவாரி எல்லாம் சரி. கடலில் இறங்குபவர்களின் பாதுகாப்பு பற்றி ஒரு வரியாவது இருந்திருக்கலாம். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் பெரும்பாலும் இழுப்பு நீரோட்டம், அதாவது கரையிலிருந்து ஆளைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டம், இருக்கும். போன கோடையில் அப்படியோர் இடத்தில், இடுப்பளவு நீரில் நின்ற என் அக்கா மகனைக் கடல் இழுத்துவிட்டது. கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டே களைத்துப் போனான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தச் சொல்லி யாரோ கத்தினார்; அதனால் பிழைத்தான். அந்த ஒரு வாக்கியம் அங்கே எந்தப் பலகையிலும் இல்லை.

உயிர்காப்பாளர் கண்காணிக்கும் பகுதியைச் சிவப்பு-மஞ்சள் கொடிகளால் குறிப்பது பல நாடுகளில் வழக்கம். விழா மேடை போடும் முன்பே அந்தக் கொடிகளை நட்டு, பலகையும் வைத்துவிட வேண்டும்.