அட்டையின் பின்பக்கம் காலியாக இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் பெரம்பூர் வாசகர் ஒருவர், ஆண்டிறுதி ஆராதனையில் கிறிஸ்தவ சபைகள் வழங்கும் வாக்குத்தத்த அட்டையைக் கிளி ஜோசியத்தோடு சேர்த்து எழுதியிருந்தார். கிளிக்குப் பதில் பாஸ்டர், வித்தியாசம் அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. எனக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வரவில்லை. ஆனால் பதில் சொல்லாமல் விடவும் மனமில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் சிறிய ஆப்செட் அச்சகம் நடத்துகிறவன் நான். நவம்பர் பிறந்தால் எங்கள் மெஷினில் ஓடுவதில் பெரும்பங்கு இந்த அட்டைகள்தான்.

பழக்கம் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து மணி பன்னிரண்டு அடித்ததும், விசிட்டிங் கார்டு அளவுள்ள அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வரிசையில் வந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் இருக்கும் வேத வசனம் அந்த ஆண்டு முழுவதும் அவருக்கான வாக்குத்தத்தம். சிலர் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள், சிலர் வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுவார்கள்.

சீட்டெடுப்பது எங்கள் வேதத்துக்குப் புறம்பானதும் அல்ல. "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்று நீதிமொழிகளில் இருக்கிறது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியன் என்ற புராட்டஸ்டண்ட் சபையார் 1728-இல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் என்று வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினார்கள். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக அச்சாகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதோடு விடுவதில்லை, அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றை ஆள் உட்கார்ந்து தேடித் துணைக்கு வைப்பார்கள். இந்தத் துணை வசனம் என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊர் அட்டைக்கு வராமல் போனது அதுதான்.

பெரம்பூர் வாசகரோடு நான் ஒத்துப்போகும் இடமும் ஒன்று உண்டு. எந்த வசனங்கள் அச்சுக்கு வருகின்றன, எவை வருவதே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏறக்குறைய எல்லா சபைகளும் கேட்பது உபாகமம் 28:13: "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார், நீ கீழாகாமல் மேலாவாய்." முழு வசனத்தில் அதற்கு முன்னால் கட்டளைகளைக் கைக்கொண்டு, அவற்றின்படி நடந்து, "செவிகொடுத்துவந்தால்" என்றொரு நிபந்தனை இருக்கிறது. ஒருமுறை புரூப் பார்க்க வந்த ஊழியக்காரர் ஒருவரிடம், எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் முழுவதும் அடங்கிவிடும் என்றேன். "இடம் இருக்கிறதா இல்லையா என்பதல்ல விஷயம். சபையாருக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும்" என்றார். கேட்டதை அச்சடித்துக் கொடுப்பது என் தொழில், அச்சடித்துக் கொடுத்தேன்.

பிலிப்பியர் 4:13-உம் அப்படித்தான். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று தங்க ஃபாயிலில் கேட்பார்கள். அதற்கு முந்தின வசனத்தில் பவுல், "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்கிறார். விலங்கு பூட்டப்பட்ட கையால் எழுதிய நிருபம், அதாவது கடிதம், அது. "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்று இயேசுவே சொன்னதும் வாக்குத்தத்தம்தான், யோவான் 16:33. அதை அட்டையில் போடச் சொல்லி இதுவரை என் கடைக்கு ஒருவரும் வரவில்லை.

படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வசனத்துக்குப் பின்னால் பனிமலை, அருவி, ஆட்டுமந்தை, இவைதான் வேண்டும். கொடுங்கையூரிலும் தண்டையார்பேட்டையிலும் குடியிருப்பவர்களுக்குச் சுவிட்சர்லாந்து ஏரிக்கரை. காசிமேட்டில் விடியற்காலையில் படகுகள் வரிசைகட்டி நிற்பதைப் படம் எடுத்து மாதிரிக்கு ஒன்று போட்டுக் காட்டினேன். "மீன் வாடை அடிக்கிறதே" என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார்கள். இயேசு சீஷர்களைத் தேடிப் போனது மீனவர்கள் வலைபோடும் கரைக்குத்தானே என்று கேட்டிருக்கலாம். வியாபார நேரம், வாயை மூடிக்கொண்டேன்.

எரேமியா 29:11-க்கு வருகிறேன். விற்பனையில் முதலிடம் இதற்குத்தான். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்றும், அவை "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்றும் கர்த்தர் சொல்லும் வசனம். இது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா பாபிலோனுக்கு எழுதி அனுப்பிய கடிதம். போனவர்கள் யார் யார் என்று கடிதத்துக்கு முன்னுரையாக ஒரு பட்டியலே இருக்கிறது: ராஜா, ராஜாத்தி, பிரபுக்கள், கூடவே தச்சரும் கொல்லரும். கைத்தொழில் தெரிந்தவர்களை எந்த அரசாங்கமும் விட்டுவைக்காது போலும்.

அந்தக் கடிதத்துக்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் அறிவித்து, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியாவோ, எழுபது வருஷம் ஆகும் என்று எழுதுகிறார். கேட்டவர்களில் வளர்ந்தவர்கள் அநேகமாக யாரும் ஊர் திரும்பப் போவதில்லை என்றுதானே பொருள்? அதுவரை என்ன செய்வது என்பதும் கடிதத்தில் இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள். பிறகு ஏழாம் வசனம். நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின "பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதின் சமாதானத்திலே உங்களுக்குச் சமாதானமிருக்கும்." பதினோராம் வசனத்தின் சமாதானம் ஏழாம் வசனத்தின் வழியாகத்தான் வருகிறது. சுற்றுச்சுவர் கட்டி நமக்கு மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளும்படி அது எழுதப்படவில்லை.

இதை நான் வேதபாட வகுப்புக்காகச் சொல்லவில்லை. என் தங்கை வீடு எர்ணாவூரில், பக்கிங்காம் கால்வாய்க்கு அருகில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து கச்சா எண்ணெய் மிதந்து வந்ததே, அப்போது அவள் வீட்டுக்குள்ளும் வந்தது. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குச் சுவரில் கறுப்புக் கோடு, கதவு, கட்டில் கால், அரிசி டிரம் எல்லாவற்றிலும் அதே உயரத்தில். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் கையெல்லாம் தோல் உரிந்திருந்தது. மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்டும் மண்ணெண்ணெயும் கடையிலிருந்து கொண்டுபோயிருந்தேன். அச்சு மையோடு காலம் தள்ளுகிறவனுக்கு எண்ணெய்க் கறை எப்படிப் போகும் என்று தெரியாதா? முதலில் உலர்ந்த வேஸ்டால் வழித்து எடுக்க வேண்டும், பிறகு மண்ணெண்ணெய், கடைசியில்தான் சோப்பு. கட்டில் சுத்தமானது. சுவர் குடித்துவிட்டது, போகவில்லை. வாசல் பக்கம் அவள் தாழ்வாக ஒட்டியிருந்த வாக்குத்தத்த அட்டை, லேமினேஷன் போட்டது, ஒரே துடைப்பில் பளிச்சென்று ஆனது. எரேமியா 29:11. நான் அடித்த அட்டைதான்.

அவள் அதைப் பார்த்து வேதாந்தம் எதுவும் பேசவில்லை. "அண்ணா, இதற்கு எங்கே போய் மனு கொடுப்பது?" என்று கேட்டாள். தன் சபையிலும் அதையேதான் கேட்டிருக்கிறாள். ஜெபிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அதே டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, சுனாமியின் நினைவு நாளில், பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஐந்தாம் நாள் ஆண்டிறுதி ஆராதனை. அந்தப் பக்கத்து சபைகளிலும் வழக்கம்போல் தட்டில் அட்டைகள் வைத்திருப்பார்கள். தலையாக்குவேன் என்ற சீட்டு யாருக்கு வந்ததோ.

சபைகள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொன்னால் அது பொய். வெள்ள நாட்களில் வடசென்னையில் பல ஆலயங்கள் மண்டபத்தைத் திறந்துவிட்டன. எங்கள் சபையிலும் அண்டா வைத்துச் சாம்பார் சாதம் போட்டோம், வந்தவர்களின் மதத்தை யாரும் விசாரிக்கவில்லை. ஆனால் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்ததோடு நம் வேலை முடிந்தது. காற்று, கழிமுகம், சாம்பல், குப்பைமேடு என்று பேச்செடுத்தால், அதெல்லாம் அரசியல், சபைக்குள் வேண்டாம் என்கிறார்கள். பாபிலோனை ஆண்டவன் நேபுகாத்நேச்சார். அவனுடைய பட்டணத்தின் நன்மையைத் தேடச் சொன்னபோது அதில் அரசியல் இருக்காது என்று எரேமியா நினைத்திருப்பாரா?

வழியில்லாமல் பேசவில்லை. சட்டப்படி பொதுமக்கள் கருத்துக் கேட்க வேண்டிய ஆலை விரிவாக்கம், மின் நிலையம் போன்றவற்றுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து, வட்டார மொழி நாளிதழ் ஒன்றில் கூட்ட அறிவிப்பு வெளியிட வேண்டும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இப்படிச் சொல்கிறது. தங்கள் நாளிதழிலும் அத்தகைய அறிவிப்புகள் வருகின்றன. பொடி எழுத்தில், ஏல விளம்பரத்துக்குப் பக்கத்தில். எழுத்துக் கோத்துப் பழகிய எனக்கே கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சபைகளில் கல்யாண ஓலையை, அதாவது திருமண அறிவிப்பை, மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறோம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று கேட்கிறோம். இந்தக் கூட்ட அறிவிப்பையும் அதே மேடையில், அதே மூன்று ஞாயிறு வாசித்தால் என்ன? ஆட்சேபம் உள்ளவர்கள் எந்தத் தேதியில், எந்த மண்டபத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று பாட்டிமாருக்கும் தெரிந்துவிடும்.

எங்கள் தொழில்காரர்களுக்கு இதில் ஒரு முன்னோடி உண்டு. பக்கத்து வேப்பேரியில் இருந்த ஜெர்மன் மிஷனரி பெப்ரீசியஸ் ஐயர். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியில் கைப்பற்றிய அச்சு இயந்திரம் அவர் பொறுப்பில்தான் வேப்பேரிக்கு வந்தது. வேதாகமத்தைத் தமிழில் செப்பனிடுவதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர், கடனை அடைக்க முடியாமல் சிறைக்கும் போனார். 1791-இல் இறந்தார். நம் அட்டைக் கணக்குப்படி அவர் வால்தான்.

பெரம்பூர் வாசகருக்கு நான் சொல்வது இவ்வளவே: அட்டையைக் குறை சொல்லுங்கள், சீட்டைக் குறை சொல்லாதீர்கள். போதகர்களிடம் கேட்பது: பதினோராம் வசனத்தைத் தாராளமாகப் போடுங்கள், பின்பக்கத்தில் ஏழாம் வசனத்தையும் சேருங்கள். பின்பக்கம் எப்படியும் காலியாகத்தான் இருக்கிறது. அதற்குக் கறுப்பு ஒரே வண்ணம் போதும், கூடுதல் செலவு அதிகமில்லை. நான் என் கடைக்கு ஆள் பிடிக்கவில்லை, எந்த அச்சகத்தில் கேட்டாலும் செய்து தருவார்கள். நவம்பர் முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். டிசம்பர் இருபதுக்கு மேல் வந்து, ஒரு பக்கம் அடித்து முடித்த அட்டையைத் திருப்பி ஓட்டச் சொன்னால் லேமினேஷன் மேல் மை நிற்காது.

இப்படிக்கு,
ஓர் அச்சகக்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.