தாடைக்குக் கீழே பார்த்தாயா என்று நான் கேட்டிருக்க வேண்டும்

தம்பிக்கு,

அப்பாவின் மூன்றாம் வருசத் திவசம் நேற்று முடிந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் அம்மா சொல்லியிருப்பார். அப்பாவின் தூண்டில் ரொட்டை உனக்கே அனுப்பிவிடுகிறேன். நீ கேட்டு மூன்று வருசமாகிறது, நானும் மூன்று வருசமாகச் சாக்குச் சொல்லிவிட்டேன். பார்சல் கட்டுமுன் நீ அன்று பிடித்த அந்த மீனைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

நீ கல்கரியிலிருந்து அனுப்பிய படம் மேலிருந்து எடுத்தது. உன் கை முதுகை மூடியிருந்தது, விலாவில் இளஞ்சிவப்புக் கோடு. "என்ன மீன், அண்ணே?" என்றாய். "ரெயின்போ ட்ரவுட், சந்தேகமே இல்லை" என்றேன். அடுத்த படத்தில் மீன் வெட்டுப் பலகையில் மல்லாந்து கிடந்தது. கீழ்த்தாடையின் இரு மடிப்பிலும் செம்மஞ்சள் கீறல். நான் பதில் போடவில்லை, நீயும் கேட்கவில்லை.

அந்தக் கீறல் கட்த்ரோட் என்ற இன்னொரு ட்ரவுட்டின் அடையாளம். நீ வெட்டியது சுத்தமான ரெயின்போ இல்லை, இரண்டும் கலந்ததாக இருக்கலாம். பிழை என்னுடையதுதான். ஆனால் நான் பார்த்துப் பழகியது எந்த மீனை? வெள்ளைக்காரன் 1880களில் இங்கே இலங்கையில் முதலில் கொண்டுவந்து விட்ட பிரவுன் ட்ரவுட் நிலைக்கவில்லை. பின்னால் வந்த ரெயின்போதான் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் பெருகியது. கோடு இருந்தால் ரெயின்போ, அவ்வளவுதான் எங்கள் படிப்பு. உன் கையில் மீன்பிடிச் சட்டப் புத்தகமே இருந்தது. அதைத் திறக்காமல் என்னைக் கேட்டாய். எந்த ஆறு என்று இங்கே எழுத மாட்டேன், படிக்கிற கண்கள் பல.

உன் பக்கத்து மேற்குச் சரிவுக் கட்த்ரோட்டை (westslope cutthroat) 2013இல் கனடா அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. காரணங்களில் ஒன்று ரெயின்போவோடு நடக்கும் இந்தக் கலப்பு. ரெயின்போவும் கட்த்ரோட்டும் வசந்தத்தில்தான் முட்டையிடும். பிறக்கிற கலப்புக் குஞ்சும் மலடில்லை, தலைமுறை தலைமுறையாகப் பரவும். (பிரவுன் ட்ரவுட்டும் புரூக் ட்ரவுட்டும் கலந்த டைகர் ட்ரவுட் அப்படியில்லை, மலடு. உடம்பெல்லாம் புழு நெளிந்த மாதிரிக் கோலம், குழந்தைகூட அடையாளம் சொல்லும்.)

இனி ஒன்று மாட்டினால் கையை நனைத்துக்கொள், மீனைத் தண்ணீரிலேயே வைத்து லேசாகப் புரட்டு. முதலில் தாடை. பளிச்சென்ற கீறல் இருந்தால் கட்த்ரோட் இரத்தம் உண்டு. மங்கலாக இருந்தால் கலப்பாகலாம். ஆனால் கடலை விட்டு உள்ளே தள்ளிய ஆறுகளின் ரெயின்போ சிலவற்றிலும் மங்கல் கீறல் வருவதால் அதை மட்டும் நம்பாதே. அடுத்தது செட்டை. வயிற்றுச் செட்டை, குதச் செட்டை நுனிகளில் தெளிவான வெள்ளை இருந்தால் ரெயின்போ கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்.

புள்ளிதான் எனக்குப் பிடித்த அடையாளம். சுத்தமான மேற்குச் சரிவு மீனில் அது வால் பக்கம் நெருங்கியிருக்கும். மார்புச் செட்டையின் அடியிலிருந்து குதச் செட்டைவரை ஒரு வில் வளைத்துப் பார், வில்லுக்குக் கீழே அநேகமாக வெறுமை. ரெயின்போவில் தலை உச்சியிலிருந்து வால்வரை இறைத்தாற்போல் இருக்கும். வில்லுக்குள் புள்ளி, தலையில் புள்ளி, கூடவே தாடைக் கீறல் என்றால் கலப்பு.

மேல்தாடையையும் பார். வளர்ந்த கட்த்ரோட்டில் அது கண்ணின் பின்விளிம்பைத் தாண்டிப் போகும், ரெயின்போவில் அவ்வளவு நீளாது. குட்டி மீனில் இந்தக் கணக்கு உதவாது. நாக்கின் அடிக்குப் பின்னால், செவுள்களுக்கு நடுவே, கட்த்ரோட்டுக்குப் பொடிப் பற்கள் உண்டு. அதைத் தேடி உயிருள்ள மீனின் வாயில் விரல் விடாதே, செவுள் கிழியும்.

இத்தனையும் முதல் தலைமுறைக் கலப்புக்குத்தான் சரிவரும். கலப்பு மீண்டும் சுத்தமான மீனோடு சேர்ந்து இரண்டு மூன்று தலைமுறை போனால், பார்வைக்கு அசல் கட்த்ரோட் மாதிரியே நிற்கும். செட்டையில் ஒரு துணுக்கு எடுத்து மரபணுச் சோதனை செய்யாமல் யாராலும் சொல்ல முடியாது. அதனால் கீறல் கண்ணில் பட்டால் விட்டுவிடு. முதுகுச் செட்டையில் ஒரு கறுப்பும் இல்லாத மீனையும் விடு, அது புல் ட்ரவுட் (bull trout) என்ற வேறு இனமாக இருக்கலாம்.

என்னைக் கேட்பதானால் மூன்று படம் வேண்டும்: முழு விலா, தாடையின் அடி, விரித்த குதச் செட்டை. தண்ணீருக்கு வெளியே பத்து விநாடிக்கு மேல் வைக்காதே. கேள், தம்பி. இந்தத் தடவை அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டேன்.

திவசத்துக்கு வராதவனுக்கு அப்பாவின் ரொட் எதற்கு என்று நேற்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

மூங்கில் ரொட், ஈரத்தோடு உறைக்குள் போடாதே. துண்டுகளை இணைக்கும் நடுப்பூண் இறுகினால் முறுக்காமல் நேராக இழு. வளையத்தில் சுற்றியிருக்கும் சிவப்பு நூல் அப்பா சுற்றியது, மாற்றாதே.

அண்ணன்