அத்தையின் வீணை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு மொட்டை போட்ட படத்தையும் பார்த்தேன், அப்படியே உன் முகம். இங்கே சம்பா அறுவடை முடிந்துவிட்டது. நெல்லில் ஈரம் அதிகம் என்று கொள்முதலில் கொஞ்சம் இழுத்தடித்தார்கள், மற்றபடி குறையில்லை. வயலில் இப்போது உளுந்து.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மன்னார்குடி வீட்டை இடிக்கப்போகிறோம் அல்லவா? தூணும் நிலைக்கதவும் விலை பேச வந்த வியாபாரி, அத்தையின் வீணையைப் பார்த்துவிட்டான். புது வீணை விலையில் பாதிக்கு மேல் தருகிறானாம். ஏதோ சொகுசு விடுதியின் வரவேற்பறையில் நிறுத்தி வைக்கத்தான். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி எனக்கே பாடம் எடுத்தான்! உடனே விற்றுவிட வேண்டும் என்று தம்பி நிற்கிறான். "வச்சுக்கிட்டு யார் வாசிக்கப் போறா?" என்கிறான். கேள்வி நியாயம்தான்.

பதில் சொல்லாமல் வீணையைத் தஞ்சாவூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். வீணை செய்கிற ஆசாரி உறையைப் பிரித்ததும், ஒரு முனையில் உருண்டையாக இருக்கிற குடத்தைத்தான் முதலில் தட்டிப் பார்த்தார். இது ஏகாண்ட வீணை. குடத்திலிருந்து மறுமுனையின் யாளி முகம் வரை ஒரே பலா மரத்தில் குடைந்தது. ஒட்டு வீணையென்றால் பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம், இதில் குடம் பிளந்தால் கதை முடிந்தது. நல்லவேளை, பிளவு இல்லை. நீண்ட கழுத்தான தண்டியும் வளையவில்லை. கை நடுக்கம் வந்து அத்தை வாசிப்பதை நிறுத்தியபோது, தந்திகளைத் தளர்த்திவிட்டு உறை கட்டியிருக்கிறாள். "அந்தம்மா விவரமானவங்க" என்றார் ஆசாரி. அவள் இருந்தபோது நம்மில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

கெட்டது மெழுகுதான். தந்திகளுக்கு அடியில் குறுக்கே வரிசையாக இருக்கிற 24 மெட்டுகளையும் தாங்குகிற அந்தக் கறுப்பு மெழுகு காய்ந்து வெடித்து, பாதி மெட்டுகள் ஆடுகின்றன. பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, புது மெழுகு வைத்து, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்திப் பதிக்க வேண்டும். இதைத்தான் மேளம் கட்டுவது என்கிறார்கள். ஒரு மெட்டு இம்மி தள்ளி உட்கார்ந்தாலும் நான்கு தந்தியிலும் அந்த இடம் அபசுரம். தந்திகளைத் தாங்குகிற குதிரைமேல் தகடு தேய்ந்திருக்கிறது, தந்தியை முறுக்குகிற பிரடை ஒன்றிரண்டு மாற்ற வேண்டும். வியாபாரி சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்கு செலவாகும் போலிருக்கிறது.

அப்புறம் ஆசாரி இன்னொன்று காட்டினார். குடத்தின் விளிம்பில் ஓடும் வெள்ளைப் பட்டை பிளாஸ்டிக் இல்லை, தந்தம். நாம் சின்ன வயதில் நகத்தால் கீறிப் பார்த்தோமே, அதேதான். தந்த வியாபாரத்தை 1986-லும் 1991-லும் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி அடியோடு நிறுத்திவிட்டார்கள். பழைய வீணை என்றால் மட்டும் விற்கலாம் என்று சலுகையா இருக்கிறது? வியாபாரியிடம் சொன்னேன். அசரவேயில்லை. பட்டையைப் பெயர்த்துவிட்டு வேறு ஒட்டிக்கொள்கிறானாம். அந்த நிமிஷமே எனக்கு விட்டுப்போயிற்று. வாசிக்கவும் மாட்டான், உள்ளதை உள்ளபடி வைக்கவும் மாட்டான், அவனுக்கு எதற்கு வீணை?

ஆனால் பழுது பார்த்து வீட்டில் சாத்தி வைப்பதிலும் எனக்கு இஷ்டமில்லை. வாசிக்காமல் கிடந்தால் நம் ஊர் வெயிலுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் மெழுகு மறுபடி கெட்டுப்போகும், செலவு தண்டம். திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் வீணை படிக்கும் பெண் ஒருத்தி, எங்கள் தெருவிலிருந்துதான் பஸ்ஸில் போய் வருகிறாள். வீட்டில் சாதகம் பண்ணச் சொந்த வீணை கிடையாது. மேளம் கட்டி அவளிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். படிப்பு முடிகிறவரை அவளிடம் இருக்கட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம். ஆசாரியிடம் முன்பணமும் கொடுத்தாயிற்று.

மிச்சம் தம்பிதான். தந்தம், சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் விற்காமல் இருக்கச் சொல்லும் சாக்கு என்று நினைக்கிறான். செலவில் அவன் பங்கு எனக்கு வேண்டாம், கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். நீ சொன்னால் கேட்பான். இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு போன் போடேன். காலையில் போடு, மத்தியானம் தூங்கிவிடுவான்.

அன்புடன்,
ராமு