சனிக்கிழமை கொடைக்கானல் பயணம்

நண்பர்களே, மதுரை காளவாசல் சிக்னலில் காலை 5 மணிக்கு வேன் நிற்கும். போன தடவை மாதிரி "மாப்ளே, பல் விளக்கிட்டு இருக்கேன்" கதையெல்லாம் வேண்டாம். வத்தலக்குண்டில் காபி, அப்புறம் மலை ஏற்றம். வாந்தி வருகிறவர்களுக்கு முன் சீட்; எலுமிச்சம்பழம் என் பையில் இருக்கும். வேன் மலைக்குப் போக இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) எடுத்தாயிற்று. மலையில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள்.

ஊருக்குள் இருக்கும் ஏரி எல்லாரும் பார்த்ததுதான். 1863-இல் அதை வெட்டிய லெவிஞ்சு துரை நம்ம மதுரைக் கலெக்டராக இருந்தவர் என்பது மட்டும் கூடுதல் சேதி. எனக்கு ஆசை பேரிஜம் ஏரிமேல்தான். பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் அது. வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடமாட்டம் இருந்தால் விடமாட்டார்கள், அப்போது என்னைத் திட்டக் கூடாது. மதியத்துக்குப் புளியோதரை நான் கட்டி வருகிறேன், துவையல் யார்?