எதிர்ப்பக்கத்துக் கடைகள்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

கொழும்பிலிருந்து நீர் அனுப்பிய நாற்பது படங்களையும் ஸ்ரூடியோக் கணினியில் இரண்டு இரவுகளாகப் பார்த்தேன். மழையில் நனைந்த ரோக்கியோ வீதிகள், யன்னல்களே சுவராகிப்போன ஹொங்கொங் மாடிகள், நியூயோர்க் நடைபாதைகள் எல்லாவற்றுக்கும் கீழே, "மாமா, கிளிநொச்சியில் இப்படி எடுக்க என்ன இருக்கிறது?" என்று ஒரு வரி எழுதியிருந்தீர். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கமராவைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே நீர் திரும்பிப் போவதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கினால் மாமி இடையில் வாங்கிவிடுவார் என்பதாலும், இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் ஸ்ரூடியோவுக்கு வருவதாலும், எல்லோரும் வாசிக்கக்கூடியதாக இங்கே எழுதுகிறேன்.

உமது நாற்பதில், ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் குடையோடு நடப்பவர்களின் படங்கள் சில சோல் லைட்டர் எடுத்தவை. அவர் அரை நூற்றாண்டுக்கு மேலாக நியூயோர்க்கில் ஒரே வட்டாரத்தில் குடியிருந்து, பெரும்பாலான படங்களைத் தம் வீட்டைச் சுற்றியுள்ள சில தெருக்களிலேயே எடுத்தவர். அந்த வண்ணப் படங்கள் 2006இல் புத்தகமாகி உலகத்தின் கண்ணில் பட்டபோது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. கார்த்திகை மழையில் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறீர். அந்த யன்னற் கண்ணாடியும் அப்படித்தான் மங்குகிறது. நீர் அதைக் கைக்குட்டையால் துடைத்துவிடுகிறீர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் நான் உமக்குச் சொல்ல விரும்புவது அவரைப் பற்றியன்று. பாரிஸில் வாழ்ந்த எஜேன் அட்ஜே என்பவரைப் பற்றியும், அவருடைய படங்களைப் பார்த்துத் தன் வழியைக் கண்டுகொண்ட பெரனிஸ் அபொட் என்ற பெண்ணைப் பற்றியும். அட்ஜே தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கனமான மரக் கமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு விடியற்காலையில் வெளிக்கிட்டு, இடிபடப்போகும் பழைய தெருக்களையும், கடை முகப்புகளையும், வாசற்கதவுகளையும் பல்லாயிரக்கணக்கில் எடுத்து, ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் அரும்பொருட்சாலைகளுக்கும் விற்றுப் பிழைத்தார். 1927இல் அவர் இறந்த பிறகு, மிஞ்சிய தொகுப்பின் பெரும்பகுதியை அபொட் வாங்கிக் காப்பாற்றினார். 1929இல் நியூயோர்க்குக்குத் திரும்பிய அபொட், பாரிஸைப் போன்ற ஒழுங்கைகளை அங்கே தேடி அலையவில்லை. அட்ஜே தம் ஊருக்கு முன்னால் நின்ற அந்த நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, தம் நகரத்தில் எழும்பிக்கொண்டிருந்த கோபுரக் கட்டடங்களையும் அவற்றின் காலடியில் கிடந்த பழைய கடைகளையும் பத்தாண்டுகள் படமாக்கினார். வாளியும் ஏணியும் கயிறும் வாசல் நிறையத் தொங்கும் ஒரு ஹாட்வெயார் கடையை அவர் 1938இல் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்க்கும் போதெல்லாம், போருக்குப் பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்த நாட்களில் தகரமும் சீமெந்தும் அடுக்கியபடி ஏ9 வீதியோரம் முளைத்த நம் கடைகள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

சொந்த ஊரையே எடும் என்று நான் பெருமையோடு சொல்லவில்லை. இடம்பெயர்வதற்கு முன்னர் இந்தப் பட்டினத்தில் எத்தனையோ ஆண்டுகள் ஸ்ரூடியோ நடத்தினேன். கலியாணம், சாமத்திய வீடு, அடையாள அட்டைப் படம் என்று ஆயிரக்கணக்கில் எடுத்தேன். 2008இல் போரால் ஊர் கிளம்பியபோது நெகட்டிவ் பெட்டிகளைத் தர்மபுரம் வரை சைக்கிளில் கொண்டுபோனேன். அதற்கு அப்பால் இயலவில்லை. அவை போனது ஒரு துக்கம். ஆனால் அவற்றுக்குள் கடைவீதியின் படம் ஒன்றுகூட இருக்கவில்லை என்பது, திரும்பி வந்து சில ஆண்டுகளின் பின்னர்தான் என்னைக் குத்தியது. ஒரு பெண் வந்து, தகப்பனாரின் பெயரைச் சொல்லி, அவருடைய சைக்கிள் திருத்தும் கடை என் ஸ்ரூடியோவுக்கு நேரெதிரே இருந்ததென்றும், அதன் படம் ஏதாவது என்னிடம் இருக்கிறதா என்றும் கேட்டார். அவரிடம் மிஞ்சியிருந்தது அடையாள அட்டையளவில் ஒரு முகம் மட்டுமே. என் வாசலில் நின்று எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கடையைப் பார்த்திருப்பேன்! கமராவை ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திருப்பவில்லை. முகத்தைப் பெருப்பித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. வேறென்ன செய்வது?

கிளிநொச்சியைப் படமெடுக்க ஆட்கள் வராமலும் இல்லை. போரில் வீழ்ந்து, வீதியோரம் பல காலம் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து நின்று படமெடுத்தவர்களை நீரும் பார்த்திருப்பீர். ஜேர்மனியில் பேர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற கணவனும் மனைவியும் 1959இலிருந்து பல தசாப்தங்களாகத் தண்ணீர்த் தாங்கிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் எடுத்தார்கள். நிழல் விழாத மூட்டமான வானம், நேர்முகமான பார்வை, ஒரே வகையானவற்றை வரிசையாக அடுக்கி வைத்தல் என்பதே அவர்களது முறை. ஒரு தாங்கியைத் தனியே பார்த்தால் அது தாங்கி. ஒன்பதைச் சேர்த்து அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வந்துவிடுகிறது. பரந்தனிலிருந்து மாங்குளம் வரை நிமிர்ந்து நிற்கும் தாங்கிகளை, மார்கழி மூட்டத்தில், அப்படி யாராவது எடுத்து அடுக்கினால் எனக்குக் காட்டும். விழுந்ததைப் பார்த்துப் பார்த்து என் கண் சலித்துவிட்டது.

இனி, நாங்கள் செய்யக்கூடியது. 1966இல் எட் ருஷே என்ற அமெரிக்கக் கலைஞர், மோட்டார் பூட்டிய கமராவைப் பிக்கப் வாகனத்தில் பொருத்தி, லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வீதியின் ஒரு துண்டு முழுவதையும், இரு பக்கத்துக் கட்டடங்களில் ஒன்றும் விடாமல் எடுத்து, விரித்தால் ஏழரை மீற்றர் அளவுக்கு நீளும் மடிப்புப் புத்தகமாக்கினார். அழகான கட்டடம், அழகில்லாத கட்டடம் என்ற தெரிவே அதில் இல்லை. பின்னரும் பல தசாப்தங்களாக அவர் அதே வீதியை மீண்டும் மீண்டும் எடுப்பித்தார். எங்களுக்குப் பிக்கப் வேண்டாம், சைக்கிள் போதும். கரடிப்போக்குச் சந்தியிலிருந்து டிப்போச் சந்தி வரை, லீசிங் கம்பனி, அடகு பிடிக்குமிடம், தொலைபேசிக் கடை, தையற்கடை, பூட்டிக் கிடக்கும் கடை, வெறுங்காணி உட்பட ஒன்றும் விடாமல் எடுப்போம். வீதி ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுவதால், மேற்குப் பக்கத்துக் கடைகளின் முகத்தில் காலை வெயிலும் கிழக்குப் பக்கத்தில் மாலை வெயிலும் விழும்; ஆகவே ஒரு பக்கம் காலைக்கு, மறுபக்கம் மாலைக்கு. வன்னியின் நடுப்பகல் வெயிலில் பெயர்ப்பலகை வெளிறி, தாழ்வாரத்துக்குக் கீழே எல்லாம் கறுப்பாகிவிடும்; அந்த நேரத்தில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திரும். கமராவை மேல்நோக்கிச் சரிக்காதேயும், சரித்தால் கட்டடம் பின்பக்கம் விழுவதுபோல வரும். எந்தக் கடைக்கும் வேண்டுமென்று அழகு சேர்க்கவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நியூயோர்க்கில் புரூஸ் கில்டன் என்பவர் எதிரே வருபவரின் முகத்துக்கு மிக அருகில் போய் பிளாஷ் அடித்து எடுப்பார். உமக்கு அவருடைய படங்கள் பிடிக்கும் என்று தெரியும். இங்கே அது வேண்டாம். முகாம்களிலும் பதிவுகளிலும் சோதனைச்சாவடிகளிலும் கேட்காமலே படமெடுக்கப்பட்ட மக்கள் இவர்கள். "ஏன் தம்பி எடுக்கிறீர்?" என்று யாராவது கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும், வேண்டாம் என்றால் கமராவை இறக்க வேண்டும். 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரில் சிலர், அந்தப் படங்களைப் பெருப்பிக்கவும் லமினேற் பண்ணவும் என்னிடம் வந்தவர்கள். அவர்களை வீதிக்கு மறுபக்கம் நின்று நீள லென்ஸால் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. நீர் அப்படி எடுப்பதாயிருந்தால் என் லென்ஸைக் கேட்கக்கூடாது.

தைப்பொங்கலுக்கு மூன்று நாட்களாவது முந்தி வாரும். இரண்டு சைக்கிளையும் திருத்தி வைத்திருக்கிறேன். வழியில் முறிகண்டியில் பஸ் நிற்கும்போது மாமிக்குக் கச்சான் வாங்க மறக்க வேண்டாம். சந்தியில் மேற்குப் பக்கத்து முதற்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டாயிற்று. மனிதர் சந்தோஷப்பட்டு, பெயர்ப்பலகைக்குப் புதுப் பெயின்ற் அடித்து, வாசலில் வாழை கட்டி, புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு நிற்பதாகச் சொல்கிறார். பெயின்ற் வேண்டாம், வாழையும் வேண்டாம் என்று சொல்ல நாளைக்கு இன்னொரு தடவை போக வேண்டும். சேட்டு அவருடைய விருப்பம்.

அன்புடன்,
மாமா
கிளிநொச்சி